"சாப்பிட்டேன்மா" என்கிறாய்

குன்னூர்

அன்புள்ள கண்ணுக்கு,

போனில் எப்போது கேட்டாலும் "சாப்பிட்டேன்மா" என்கிறாய். எங்கே, என்ன, யாரோடு என்று அடுத்ததைக் கேட்பதற்குள் மீட்டிங் என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ கேட்பாய்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. சீசன் கூட்டம் இறங்கிவிட்டது. டூரிஸ்ட் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகும் மே மாதம் பெட்போர்டில் ரோட்டைக் கடக்க முடியவில்லை, இப்போதுதான் ஊர் நம் ஊராக இருக்கிறது. அப்பாவுக்கு சுகர் பரவாயில்லை, நடக்கத்தான் மாட்டேன் என்கிறார். பெரியம்மா வீட்டு விஷயம் அப்படியே கிடக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

உனக்குச் சொல்ல வேண்டிய செய்தி வேறு. ஹெட்மிஸ்ட்ரஸ் அக்கா, தபாலாபீஸ் அக்கா, நர்ஸ் அக்கா, நான், நாலு பேரும் சேர்ந்து இப்போது கடை கடையாகப் போய்ச் சாப்பிடுகிறோம். பெரிய ஹோட்டலுக்கு இல்லை. நாலு பெஞ்சு, ஒரு அடுப்பு, சுவரில் சாமி படம், அந்த மாதிரிக் கடைகள். எல்லாம் நீ சொல்லிக்கொடுத்ததுதான். "போர்டைப் பார்க்காதேம்மா, உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்" என்று நீ சொன்னதை நான் எங்கே போனாலும் அவர்களிடம் சொல்கிறேன். டிரைவர்களும் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களும் சாப்பிடுகிற கடையில் குழம்பு பழசாக இருக்க நேரமே இல்லை. என் மகன் சொன்னது என்று சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும் தெரியுமா!

வேலைக்குப் போன காலம் முழுக்க அந்த மார்க்கெட் கடைகளைத் தாண்டித்தான் பஸ்ஸுக்கு நடந்தேன். ஒரு நாள் உள்ளே போய் உட்கார்ந்ததில்லை. வேண்டுமென்றால் அப்பா பார்சல் வாங்கி வருவார். அப்படியே போனாலும் தடுப்புக்குப் பின்னால் இருக்கிற ஃபேமிலி ரூமில் உட்காரச் சொல்வார்கள். நான் ரிட்டையர் ஆனபோது வெலிங்டனில் அந்தப் பராத்தா கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், பட்டாளத்துப் பையன்கள் நடுவில் உட்கார வைத்து, "நீயே ஆர்டர் பண்ணும்மா" என்றாய். அன்றைக்கு உன்னோடு வந்தவர்களும் ஆளுக்கு ஒன்று வாங்கி என் தட்டில் ஒரு துண்டு வைத்தார்கள். நல்ல பிள்ளைகள். எல்லோருமே நல்ல பிள்ளைகள்.

போன வாரம் கோத்தகிரி பக்கம் போனோம். ஒரு அம்மா வீட்டு முன்கட்டிலேயே கடை போட்டிருக்கிறார். தேங்காய் ரொட்டி, காரச் சட்னி மாதிரி ஒரு கட்டா சம்பல், சாயா, அவ்வளவுதான். அவருடைய மாமனார் குடும்பம் கண்டியிலிருந்து வந்ததாம். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் இந்த மலையில் இருக்கிறார்கள்! அவர்களுக்காகத்தானே 1968-இல் அரசு தேயிலைத் தோட்டமே போட ஆரம்பித்தது. என் வகுப்பிலேயே அந்த வீட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். அவர்கள் டிபன் பாக்ஸில் இந்த ரொட்டியைப் பார்த்திருக்கிறேன், ருசி பார்த்தது இப்போதுதான். ரொட்டி கனமாக இருக்கிறது, ஆனால் சூட்டோடு பிட்டு அந்தச் சம்பலில் தொட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. தபாலாபீஸ் அக்கா மூன்று சாப்பிட்டார்.

அதைச் சாப்பிடும்போது உன் ஞாபகம்தான். பாரிமுனையிலிருந்து அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸைப் படம் எடுத்து அனுப்பினாயே, பீச் ஸ்டேஷன் பக்கத்துத் தள்ளுவண்டி. பர்மாவில் 1962-இல் ராணுவ ஆட்சி வந்த பிறகு கடையையும் வீட்டையும் விட்டுவிட்டு வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு என்று எழுதியிருந்தாய். நூடுல்ஸில் முட்டைகோஸும் புளியும் பூண்டு எண்ணெயும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள், வாழைத்தண்டு சூப்பை ஊற்றிக்கொள்ளலாம் என்றாய். நாலு தட்டு இருந்தது அந்தப் படத்தில். நாலு பேர் கையும் தெரிந்தது. அதற்குப் பிறகு நீ ஒரு படமும் அனுப்பவில்லை.

வீடியோ காலில் உன் பின்னால் கறுப்பு பிளாஸ்டிக் டப்பாக்கள் அடுக்கியிருப்பதைப் பார்த்தேன். வாசலில் வைத்துவிட்டுப் போகிற சாப்பாடு. பசிக்கு அது போதும், நான் தப்புச் சொல்லவில்லை. இங்கே பிளாஸ்டிக் தடை இருப்பதால் பார்சல் என்றால் வாழையிலையும் பேப்பரும்தான், குழம்பு வேண்டுமென்றால் தூக்குப்பாத்திரம் கொண்டு போக வேண்டும். இந்தத் தொல்லைக்காகவே பாதிப் பேர் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். நீயும் உட்கார்ந்து சாப்பிடு கண்ணு. தனியாக ரூமில் வேண்டாம்.

நர்ஸ் அக்கா அவர்கள் ஊர்ப் பக்கம் ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். படகர் வீட்டுச் சாப்பாட்டைக் கடையில் போடுவதை நான் இப்போதுதான் பார்க்கிறேன். ராகிக் களி, அவரைக் குழம்பு, கீரை. களியைக் கடிக்கக் கூடாது, உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்று அக்கா எங்கள் எல்லோருக்கும் பாடம் எடுத்தார். ஊட்டியில் திபெத்துக்காரர்கள் ஸ்வெட்டர் விற்கிற மார்க்கெட் பக்கம் மோமோவும் சாப்பிட்டோம். ஹெட்மிஸ்ட்ரஸ் அக்கா முட்டைகூடத் தொடாதவர், காய் வைத்தது இருக்கிறது என்று சொல்லித்தான் உட்கார வைத்தோம். முட்டைகோஸும் கேரட்டும் நம் ஊர்க்காய், ஆவியில் வெந்தது, அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

அங்கே ஒரு மெஸ்ஸில் பக்கத்து டேபிள் டூரிஸ்ட் சாம்பாரில் பருப்பு வேகவில்லை என்று சண்டை போட்டார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் சூடு ஏறாது, அதனால் பருப்பை ஊறவைத்துக் குக்கரில் போட்டால்தான் குழையும் என்று எடுத்துச் சொன்னேன். குன்னூரில் ஒரு டிகிரி கூடுதல், அவ்வளவுதான். மாஸ்டர் உள்ளேயிருந்து வந்து எனக்கு இன்னொரு வடை வைத்தார். இட்லி மாவு இந்தக் குளிரில் எப்போது பொங்கும் என்று அவர் படுகிற பாட்டைக் கேட்டால் பாவமாக இருக்கிறது, ராத்திரி அடுப்பு ஓரத்தில் போர்வை சுற்றி வைக்கிறாராம்.

நாலு பேராகப் போவதில் இன்னொன்று. நாலு விதம் வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். தனியாகப் போனால் ஒரு தோசையோடு எழுந்து வர வேண்டியதுதான்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அக்காவும் தபாலாபீஸ் அக்காவும் நடுவில் கொஞ்ச காலம் பேசிக்கொள்ளவே இல்லை. காசு விஷயம். யார் எப்போது கொடுத்தது, யார் கொடுக்கவில்லை என்று ஆரம்பித்து, வேறு என்னவெல்லாமோ பேச்சு வந்துவிட்டது. இரண்டு பேரும் என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள், இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நர்ஸ் அக்கா ஒரு சமாதானமும் பேசவில்லை. இரண்டு பேரையும் ஒரே கடைக்கு ஒரே நேரத்துக்கு வரச் சொல்லிவிட்டார். வந்தார்கள். முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார்கள். சட்னியைத் தள்ளி வைக்கச் சொல்வதற்காவது பேசித்தானே ஆக வேண்டும். இப்போது பில்லை முறை வைத்துக் கொடுக்கிறோம், நர்ஸ் அக்கா ஒரு சின்ன நோட்டில் எழுதி வைக்கிறார்.

மார்க்கெட்டில் வெலிங்டன் அக்காவைப் பார்த்தேன். உன் சிநேகிதனுடைய அம்மாவைத்தான் சொல்கிறேன். ஏதோ சொல்ல வந்தார். நான் பீன்ஸ் விலையைப் பேசிவிட்டு வந்துவிட்டேன். உன் வாயால் வராததை இன்னொருவர் வாயால் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவரும் இளைத்துப் போயிருக்கிறார். உன்னைப் பற்றி விசாரித்தார், நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டார்.

உனக்குப் பிரமோஷன் வந்ததை அப்பா பால்காரர் வரைக்கும் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் யாரும் எட்டாத இடம் கண்ணு, நீயாகப் படித்து நீயாகப் போனாய். ஆனால் யாருக்கு ட்ரீட் கொடுத்தாய் என்று கேட்டதற்கு, ஆபீஸில் கேக் வெட்டினார்கள் என்றாய். கேக்கா கேட்டேன்? முதல் சம்பளத்துக்கு நீங்கள் எல்லோரும் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பரோட்டா சாப்பிடப் போய், அங்கேயிருந்து எனக்குப் போன் போட்டு எழுப்பினீர்கள். அன்றைக்குத் திட்டினேன். இப்போது அப்படி ஒரு போன் வராதா என்று இருக்கிறது.

போகிற கடையில் கண்ணைத் திறந்து வைத்துக்கொள். எண்ணெய் கறுத்துப் புகைந்தால் அங்கே பொரித்தது எதையும் வாங்காதே, திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் கெடுதல். உணவுப் பாதுகாப்பு உரிமம் 14 இலக்கத்தில் சுவரில் மாட்டியிருப்பார்கள், பார். தண்ணீர் கொதிக்க வைத்ததா என்று கேள், கேட்பதில் வெட்கம் இல்லை. சென்னை வெயிலில் வெளியில் வைத்த சட்னி வேண்டாம். மற்றபடி எந்தக் கடையாக இருந்தாலும் சரி, கூட ஆள் இருந்தால் சரி. தனியாக வேண்டாம்.

நம் பேக்கரியில் விறகு அடுப்பு வர்க்கி இரண்டு கிலோ வாங்கிக் கூரியரில் போட்டிருக்கிறேன். உன் ஒருவனால் தின்று தீர்க்க முடியாது. பாக்கெட்டைப் பிரித்துவிட்டால் சென்னைக் காற்றில் மறுநாளே நமுத்துப் போகும், டீயில் முக்கினாலும் நன்றாக இருக்காது. அதனால் வந்த அன்றைக்கே எல்லோரையும் கூப்பிட்டுப் பிரித்துவிடு. வெலிங்டன் அக்கா மகன் ரூம் பக்கத்தில்தானே இருக்கிறது, நடந்தே போய்விடலாம் என்று முன்பு சொல்லியிருக்கிறாய். அம்மா கொடுத்துவிட்டார் என்று சொல், வேறு ஒன்றும் பேச வேண்டாம்.

வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும் என்று கூரியர்காரர் சொன்னார். வந்ததும் போன் பண்ணு, மீட்டிங் இல்லாத நேரமாகப் பார்த்து.

அன்புடன்
அம்மா