எந்தப் பக்கத்து மலை?

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தில் இருக்கும் நீலப் பூ ஜென்ஷியன் என்ற மலைப்பூதான், சந்தேகமே இல்லை. ஆனால் அதில் எந்தச் சிற்றினம் என்று சொல்ல எனக்கு இன்னொரு விவரம் வேண்டும். ஆஸ்திரியாவில் நீ இருக்கும் இன்ஸ்ப்ரூக்கில் எந்தப் பக்கத்து மலையில் படம் எடுத்தாய்?

வடக்கே நோர்ட்கெட்டே மலைத்தொடர் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. தெற்கே பாட்ஷர்கோஃபெல் மலை சுண்ணாம்பு இல்லாத பாறை. இரண்டு பக்கமும் புல்லோடு ஒட்டி, தண்டே இல்லாததுபோல ஒரு பெரிய நீலப் பூ நிற்கும். சுண்ணாம்பில் நிற்பது ஜென்ஷியானா க்ளூசியை, மற்றதில் ஜென்ஷியானா அகாலிஸ். பூவின் தொண்டைக்குள் எட்டிப் பார். பச்சைப் புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தால் அகாலிஸ். அப்புறம் புல்லி இதழைப் பார்: க்ளூசியையில் அது கூர்மையாக, அடியில் அகன்று, பூவோடு ஒட்டி நிற்கும், அகாலிஸில் அடிப்பக்கம் குறுகியிருக்கும். நீ பூவை மேலிருந்து மட்டும் எடுத்திருக்கிறாய். அடுத்த முறை பக்கவாட்டிலும் எடு, பக்கத்தில் கிடக்கும் கல்லையும் சேர்த்து எடு. பறிக்க வேண்டாம்.

கல்லைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் ஃபிரான்ஸ் உங்கர். உன் ஊருக்குக் கிழக்கே கிட்ஸ்ப்யூலில் மருத்துவராக இருந்தவர். அங்கே சுண்ணாம்பு மலையும் சுண்ணாம்பில்லாத மலையும் அருகருகே இருப்பதால், ஒரு செடி நிற்கும் இடத்தில் அதன் உறவுச் செடி ஏன் இல்லை என்று கேட்டார். 1836இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். ஆல்ப்ஸின் இரண்டு ரோடோடெண்ட்ரான் புதர்ச்செடிகளும் இப்படித்தான் மலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. பிற்பாடு வியன்னாவில் இவரிடம் படித்த மாணவர்களில் மெண்டலும் ஒருவர். பள்ளியில் பட்டாணிச் செடி படித்தாயே, அதே மெண்டல்.

க்ளூசியை என்பது க்ளூசியஸ் என்ற தாவரவியலாளரின் பெயர். 1573இல் பேரரசரின் தோட்டத்துக்காக வியன்னா வந்தவர், தோட்டத்தோடு நிற்காமல் ஓட்ஷர், ஷ்னீபெர்க் மலைகளில் ஏறிச் செடிகளைப் பார்த்து எழுதினார். 1583இல் அந்தப் புத்தகம் வந்தது. மருந்துக்கு ஆகுமா என்றே செடியைப் பார்த்த காலம் அது. அவர் செடியைச் செடிக்காகவே விவரித்தார். எனக்கு அவர்மேல் தனி மரியாதை. 1753இல், செடிகளுக்கு இரட்டைப் பெயர் முறையை வகுத்த லின்னேயஸ் இந்த நீலப் பூக்களையெல்லாம் அகாலிஸ் என்ற ஒரே பெயரில் போட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் சுண்ணாம்புப் பூவைத் தனியாகப் பிரித்து க்ளூசியஸின் பெயரை வைத்தார்கள்.

உயரத்தில் எல்லாமே குட்டையாக இருக்கிறதே, அவையெல்லாம் வேறு இனமா என்றும் கேட்டிருந்தாய். சரியான கேள்வி. உன் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் 1860 முதல் 1878 வரை தாவரவியல் பேராசிரியராக இருந்த கெர்னர் இதையே சோதித்துப் பார்த்தார். ப்ளாஸர் என்ற மலையில், ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்தில் தோட்டம் போட்டு, சமவெளிச் செடிகளின் விதையை விதைத்தார். பிழைத்தவை குட்டையாயின, பல பூக்களின் நிறம் கூடியது. அவற்றின் விதையைக் கீழே கொண்டுவந்து விதைத்தால் பழைய உருவமே திரும்பியது. உண்மையான ஆல்பைன் (உயர்மலை) இனமோ கீழே கொண்டுவந்தாலும் தன் அடையாளத்தை விடுவதில்லை. உருவத்தை மட்டும் நம்பிப் பெயர் வைக்கக்கூடாது என்று நான் வகுப்பில் அத்தனை பிடிவாதமாகச் சொன்னது இதனால்தான்.

பாட்ஷர்கோஃபெலில் பல்கலைக்கழகத்தின் ஆல்பைன் தோட்டம் இருக்கிறது. கோடையில் ஒருநாள் போய்ப் பார், ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா