ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு நன்றி

அன்புள்ள கிராம சுகாதார செவிலியர்களுக்கும், லேப் ஊழியர்களுக்கும், மனைவியோடு கூடவே வந்த கணவர்களுக்கும்,

தம்பதியர் ஆலோசனை முகாம் நல்லபடியாக முடிந்தது. குழந்தை வேண்டும் என்பவர்களுக்கும் இப்போதைக்கு வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரே மேசை போதும் என்றது செவிலியர்கள்தான். அது எவ்வளவு சரி! அந்தரா என்ற கருத்தடை ஊசியை நிறுத்திய சில மாதங்களிலேயே, "ஏதும் விசேஷம் உண்டா?" என்ற கேள்விக்குப் பயந்து குழந்தையின்மை வரிசையில் நின்றவர்களிடம், நீங்கள் முதலில் கேட்டது கடைசி ஊசியின் தேதியைத்தான். அந்த நாளிலிருந்து கரு தங்க 7 முதல் 10 மாதம் ஆகலாம். காப்பர் டி எடுத்த பிறகு இந்தத் தாமதம் கிடையாது. இந்த ஒரு விவரம் எத்தனை வீண் ஸ்கேனைத் தவிர்த்தது!

சாயா என்ற கருத்தடை மாத்திரைக்கு நீங்கள் காலண்டரில் வட்டம் போட்டுக் கொடுத்ததும் அப்படித்தான். முதல் 3 மாதம் வாரத்துக்கு இரண்டு, அதன்பின் வாரத்துக்கு ஒன்று. முதல் மாதமே ஒன்றாகக் குறைத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. மாத்திரை தவறினால் நினைவு வந்ததும் போட்டுக்கொண்டு, அடுத்த மாதவிலக்கு வரை ஆணுறையும் வேண்டும். 7 நாளுக்கு மேல் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

லேப் ஊழியர்களே, விந்துப் பரிசோதனைக்குக் கூச்சப்பட்டு வந்தவர்களை ஒரு சொல்லும் புண்படுத்தாமல் நடத்தினீர்கள். அதற்கு முன் விந்து வெளியேறாமல் 2 முதல் 7 நாள் இடைவெளி, சோப்பும் எண்ணெயும் கூடாது, சாதாரண ஆணுறையில் பிடிக்கக் கூடாது. முதலில் வரும் பகுதியில்தான் விந்தணுக்கள் அதிகம், அதனால் சிந்தியிருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுவந்தால் ஐஸில் வைக்காமல், சட்டைக்குள் உடம்புச் சூட்டோடு ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். இதையெல்லாம் ஒவ்வொருவரிடமும் பொறுமையாகச் சொன்னீர்கள். கடும் காய்ச்சல் விந்தணுவைப் பாதிக்கும், புதிதாக உருவாக 70 நாளுக்கு மேல் ஆகும் என்பதால், காய்ச்சல் வந்தவரை 3 மாதம் கழித்து வரச் சொன்னதும் சரியே. ஒரு மில்லி விந்தில் 1.6 கோடி விந்தணு என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் தந்த கீழ்எல்லை. அதற்குக் கீழே வந்த ஒரே ரிப்போர்ட்டை வைத்து யாரையும் மலடு என்று சொல்லிவிட முடியாது.

கணவர்களே, உங்களுக்குத் தனி நன்றி. குழந்தையில்லாத தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் தனியாகவோ சேர்ந்தோ இருக்கிறது. கருக்குழாய்க்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேவின் வலி மனைவிக்கு வருமுன், உங்கள் எளிய பரிசோதனை முடிந்துவிட்டது. ஆண்களுக்கான கத்தியில்லாக் கருத்தடை செய்துகொண்டவர்கள் 3 மாதம் ஆணுறையைக் கைவிடாமல், பிறகு ஒருமுறை லேபுக்கு வந்து அணு இல்லையென்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

செவிலியர்களிடம் ஒரு வேண்டுகோள்: மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஓராண்டு காத்திருக்கச் சொல்லாமல், 6 மாதம் முயன்றதுமே எங்களிடம் அனுப்பிவையுங்கள்.

நன்றியுடன்,
முகாம் மருத்துவக் குழு