மஷூரா முடிந்த பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரமலான் நெருங்குவதால் வேலூரிலும் மேல்விஷாரம், பேரணாம்பட்டு போன்ற ஊர்களிலும் நோன்புக் கஞ்சிக்கான மஷூராக்கள் (கலந்தாலோசனைக் கூட்டங்கள்) தொடங்கிவிடும். அவற்றில் தன் யோசனை ஏற்கப்படாதவர் பிறகு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை மட்டும் நாம் பேசுவதே இல்லை.

2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்தபோது, எங்கள் மொஹல்லாவில் (பள்ளிவாசலைச் சார்ந்த குடியிருப்பில்) ஒரே பட்டியலின்படி உணவு கொடுப்பதென்று முடிவானது. அதில் உடன்படாத சிலர் தனியே வண்டி பிடித்துக் கிளம்ப, முன்வரிசைத் தெருக்களுக்கு இரண்டு முறை பொட்டலம் சேர்ந்தது; கரையோரக் குடிசைகளுக்கு இரவு வரை ஒன்றும் போகவில்லை. அவர்கள் நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன்.

உஹதுப் போருக்கு (கி.பி. 625) முன் மக்காப் படையை மதீனாவுக்குள்ளிருந்தே எதிர்கொள்ளலாம் என்பதே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் எண்ணம். வெளியே செல்ல வேண்டுமென்று பலர் விரும்பியதால், தம் கருத்தை விட்டுக்கொடுத்துக் கவசம் அணிந்தார்கள். தன் பேச்சு எடுபடவில்லை என்று மதீனாவின் தலைவர்களில் ஒருவனான அப்துல்லாஹ் இப்னு உபை ஏறத்தாழ 300 பேருடன் பாதி வழியில் திரும்பிவிட்டான். களத்திலோ, இடத்தைவிட்டு நகரக் கூடாதென்று நிறுத்தப்பட்ட 50 வில்லாளிகளில் பெரும்பாலோர், தலைவர் அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) தடுத்தும் கேளாமல், வெற்றி கிடைத்துவிட்டதென்று எண்ணி இறங்கினர். முஸ்லிம்களில் சுமார் 70 பேர் உயிர்நீத்தனர். இத்தனைக்கும் பிறகு, தவறிய தோழர்களை மன்னித்து அவர்களுடன் கலந்தாலோசிக்கும்படியே குர்ஆன் (3:159) நபியவர்களுக்குக் கட்டளையிட்டது. நாமாக இருந்தால் அடுத்த மஷூராவுக்கு அழைத்திருப்போமா என்பது சந்தேகமே.

கட்டுப்பாடு என்றால் வாய்மூடிக் கிடப்பது என்று நிர்வாகிகளும் எண்ண வேண்டாம். தொழுகையில் இமாம் தவறினால் பின்நிற்பவர் 'ஸுப்ஹானல்லாஹ்' என்று சொல்லி உணர்த்தலாம், உணர்த்தவும் வேண்டும். அதற்காக வரிசையைக் கலைப்பதில்லை. பொதுக் காரியத்தில் இருப்பவர் அனுமதி கேட்காமல் விலகக் கூடாதென்பதும் குர்ஆனின் (24:62) போதனையே.

எனவே, மாற்றுக் கருத்தையும் அதைச் சொன்னவர் பெயரையும் மினிட் புத்தகத்தில் எழுதிவைத்து, பெருநாள் கழிந்ததும் கணக்குடன் சேர்த்து அதையும் விவாதிக்க ஜமாஅத் நிர்வாகங்கள் முன்வர வேண்டும். அதுவரை கஞ்சி அண்டா ஒன்றாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஜமாஅத் உறுப்பினர் ஒருவர்,
வேலூர்.