சல்லிவன்களும் ரங்கசாமிகளும்

அன்புள்ள பிரபு கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். கோத்தகிரியில் சில நாளாக வெயில் முகமே தெரியவில்லை. அப்பா ஸ்வெட்டரைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார். போனில் பேசினால் நடுவில் கட்டாகிறது. கட்டாகாவிட்டாலும் நீ பாதியைக் காதில் வாங்காமல் "சரிம்மா, சரிம்மா" என்கிறாய். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன்.

உன் மேனேஜர் பெயர் சல்லிவன், அவர் நம்ம ஊட்டி சல்லிவன் வம்சமாக இருக்குமா என்று கேட்டிருந்தாய். இருக்க வேண்டிய அவசியமே இல்லை கண்ணு. அயர்லாந்தில் மிக அதிகமாக இருக்கும் குடும்பப் பெயர்களில் அது ஒன்று. கார்க், கெர்ரி என்ற தெற்குப் பக்கத்து மாவட்டங்களில் 'ஓ' சேர்த்து ஓ'சல்லிவன் என்பார்கள். 1840களில் அங்கே உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது கூட்டம் கூட்டமாகக் கப்பலேறி நீ இருக்கும் பாஸ்டனிலும் நிறையப் பேர் இறங்கினார்கள். அங்கே சல்லிவனைத் தேடுவது, காரமடைத் தேர்க் கூட்டத்தில் ரங்கசாமியைத் தேடுவது மாதிரி.

ஆனால் உன் கேள்வி என்னைப் பழைய புத்தகங்களைப் புரட்ட வைத்துவிட்டது. வரலாற்று டீச்சர் ரிட்டயர் ஆனாலும் சும்மா இருக்க முடியுமா?

நம்ம ஜான் சல்லிவனைத்தான் உனக்குத் தெரியுமே. கோயம்புத்தூர் கலெக்டர். 1819இல் மலையேறி வந்து, இதோ இந்தக் கன்னேரிமுக்குப் பக்கத்தில் பங்களா கட்டினார். 1822இல் ஊட்டியில் கல் பங்களா. இப்போது அரசு கலைக் கல்லூரி இருக்கும் இடம். ஏரியும் அவர் வெட்டியதுதான். இங்கிலீஷ் காய்கறி, உருளைக்கிழங்கு, தேயிலை என்று எது வந்த கதையைச் சொன்னாலும் அவர் பெயர் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் இதை எல்லோரும் சொல்லித் தருவார்கள். நான் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொன்னது வேறு. இந்த மலை தோடர்களுடைய நிலம், அவர்களுக்கு அதில் உரிமை உண்டு என்று சொந்த அரசாங்கத்தோடு வருஷக்கணக்கில் வாதாடினவர் அவர். கவர்னர் லஷிங்டனுக்கு அது பிடிக்கவில்லை. இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: அதே தோடர்களிடமிருந்து தனக்கென்று நிறைய நிலத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கினவரும் அவரேதான். 1838இல் மனைவியும் மகளும் இறந்து ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயக் கல்லறையில் கிடக்கிறார்கள். அவர் இங்கிலாந்து திரும்பி 1855இல் போய்ச் சேர்ந்தார்.

உங்கள் ஊர்ப் பக்கத்திலும் ஒரு ஜான் சல்லிவன் உண்டு, தெரியுமா? அமெரிக்க விடுதலைப் போரில் ஜெனரல். பிறகு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக்குத் தலைவராகவும் இருந்தார். 1779இல் வாஷிங்டன் உத்தரவின்படி படையோடு போய் இராகுவாய் பூர்வகுடிகளின் ஊர்களை நாற்பதுக்கு மேல் கொளுத்தினார். ஊரை மட்டுமா? விளைந்து நின்ற மக்காச்சோளக் காட்டையும் பழமரங்களையும் விடவில்லை. குளிர்காலத்தில் அந்தச் சனங்கள் என்ன தின்றிருக்கும் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை. ஜான் சல்லிவன் என்றே ரெண்டு பேர். ஒருவர் மலைச் சனங்களுக்கு நிலம் அவர்களுடையது என்று எழுதுகிறார், இன்னொருவர் காட்டுச் சனங்களின் வெள்ளாமைக்குத் தீ வைக்கிறார். அந்த ஜெனரலின் தம்பி ஜேம்ஸ் சல்லிவன் உங்கள் மாசசூசெட்ஸுக்கே 1807இல் கவர்னர். இவர்கள் ரெண்டு பேர் கூடப்பிறந்தவர்கள், அதனால் இங்கே மட்டும் பெயர் உறவைச் சொல்கிறது.

கலைப் பக்கம் போனால் லூயி சல்லிவன். பாஸ்டனில் பிறந்து, சிகாகோ போய், வானளாவிய கட்டடம் எப்படி நிற்க வேண்டும் என்று உலகத்துக்குக் காட்டினவர். அப்பேர்ப்பட்டவர் 1924இல் கையில் காசில்லாமல் ஓட்டல் அறையில் செத்தார். லண்டனில் ஆர்தர் சல்லிவன், கில்பர்ட் பாட்டெழுத இவர் மெட்டமைத்து 14 இசை நாடகங்கள். டீவியில் எட் சல்லிவன், 1964இல் பீட்டில்ஸை அமெரிக்காவுக்குக் காட்டினவர். அரசியலும் இல்லை கலையும் இல்லை என்றாலும் ஆன் சல்லிவனை விட எனக்கு மனசு வராது. ஹெலன் கெல்லரின் டீச்சரம்மா. அவரே கண் சரியாகத் தெரியாமல் பாஸ்டன் பெர்கின்ஸ் பள்ளியில் படித்து வந்தவர்தான். இவ்வளவு பேருக்கும் பொது எது? அந்த ஒரு பெயர்தான்.

ஊட்டி கிளப்பில் 1882இல் ஸ்நூக்கர் விதிகளை எழுதி மாட்டிய நெவில் சேம்பர்லின் வேறு, 1938இல் மூனிச்சில் ஹிட்லரோடு கையெழுத்துப் போட்ட பிரதமர் நெவில் சேம்பர்லின் வேறு. ரெண்டையும் ஒன்றாக்கிக் கதை சொல்பவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாப்பா பிறந்ததும் ஆஸ்பத்திரியிலேயே படிவம் கொடுத்துவிடுவார்கள், குடும்பப் பெயர் என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்றாய். சம்பந்தி 'கவுண்டர்' என்று போடச் சொன்னாராமே, பரம்பரைப் பெயர் மாதிரி இருக்கும் என்று. வேண்டாம். இதில் எனக்கு ரெண்டாவது பேச்சு கிடையாது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். உங்க அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்றவர், கட்சிக்காரர் இல்லை, ஆனாலும் நிலப் பத்திரத்தைத் தவிர வேறெங்கும் அந்தப் பட்டத்தை எழுதவில்லை. அவர் விட்டதை நீ கடல் தாண்டிப் போய்ப் பொறுக்கி எடுக்காதே. அதுவும் சொந்தத்தைக் காட்டுமா என்றால் அதுவுமில்லை. கொங்கில் வேளாளரும் வேட்டுவரும் கவுண்டர், தருமபுரிப் பக்கம் வன்னியரும் கவுண்டர், இந்த மலையில் படுகரும் கவுடர்.

அப்பா பெயர் ரங்கசாமியே இருக்கட்டும் என்றால் அப்பாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் இப்பவே உன்னை ஆபீசில் மிஸ்டர் ரங்கசாமி என்கிறார்கள். மருமகளை ஆஸ்பத்திரியில் மிஸஸ் ரங்கசாமி என்று கூப்பிட்டதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. புருஷன் பெயரையே சொல்லாமல் காலம் தள்ளியவர் உன் அப்பத்தா. இவள் மாமனார் பெயரையே சுமக்கிறாள்! நாளைக்கு உன் பேத்தியிடம் ஒருத்தர், "புதுச்சேரி முதலமைச்சராக இருந்த ரங்கசாமி உனக்குச் சொந்தமா?" என்று கேட்பார், நீ இப்போது சல்லிவனைக் கேட்கிற மாதிரி.

நம்ம வழக்கம் லேசானது. அப்பா பெயர் இனிஷியல், அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். எம்.ஜி. ராமச்சந்திரன் ஆட்சிக்கு வந்தார், டி.ஆர். ராமச்சந்திரன் கண்ணை உருட்டிச் சிரிக்கவைத்தார். யாரும் அவர்களைச் சொந்தம் என்று குழப்பிக்கொள்ளவில்லை, முன்னால் இருக்கும் எழுத்துகள் பார்த்துக்கொண்டன. ஆகவே கடைசிப் பெயர்க் கட்டத்தில் பிரபு என்று உன் பெயரை எழுது. மருமகளுக்குச் சம்மதம் என்றால் அவள் பெயரையே எழுதுங்கள், எனக்கு இன்னும் பிடிக்கும். சுமந்து பெறுபவள் அவள்தானே. உனக்கும் குழந்தைக்கும் கடைசிப் பெயர் வேறாக இருந்தால் விமான நிலையத்தில் கேள்வி கேட்கலாம். பிறப்புச் சான்றிதழ் நகலைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்.

உரைமருந்தும் சுக்கும் பார்சலில் வருகிறது. மருமகளைக் குளிர்ந்த தண்ணீரில் கை வைக்க விடாதே.

எல்லாம் சரி, கடைசிப் பெயருக்கு இவ்வளவு யோசிக்கிறீர்களே, குழந்தைக்கு முதல் பெயர் என்ன வைக்கப் போகிறீர்கள்? அதை இன்னும் ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லை.

அன்புடன்,
அம்மா