உழாத பாதி

அன்புள்ள முருகேசா,

எட்டு மாதமாகக் கடிதம் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, வெட்கம். முதுகு எப்படி இருக்கிறது? தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

"என் வயலில் ஆறு வருடம் உழாமல் விட்ட பாதியில் மண்ணின் கரிமம் ஏறிவிட்டது, நீ கலப்பையைக் கட்டிக்கொண்டு அழு" என்று போன தடவை எழுதினேனே, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. நீ கிழிக்க மாட்டாய், உன்னைத் தெரியாதா!

பரிசோதனைத் தாளைப் பெருமையோடு வாத்தியாரிடம் நீட்டினேன். "எவ்வளவு ஆழத்துக்கு மண் எடுத்தாய்?" என்றார். 10 செ.மீ. என்றேன். அதே பழைய சிரிப்பு. மறுநாள் இரண்டு பாதியிலும் 40 செ.மீ. வரை அடுக்கடுக்காக எடுத்து அனுப்பினோம். உழாத பாதியில் மேலே 5 செ.மீ. பிரமாதம். 20 செ.மீ.க்குக் கீழே போனால் உழுத பாதி முந்திவிட்டது. மொத்தமாகக் கூட்டினால் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

கலப்பை மண்ணைப் புரட்டும்போது அறுத்த பயிரின் தாளையும் மேல் வேரையும் கீழே தள்ளிப் புதைக்கிறது. நான் புரட்டவில்லை, எல்லாம் மேலேயே தங்கிவிட்டது. போதாததற்கு, உழாத மண் இறுகிக் கிடக்கும். அதே 10 செ.மீ.யில் கூடுதல் எடை மண் வரும், கரிமமும் கூடினாற்போல் கணக்கு காட்டும். எடைக்கு எடை ஒப்பிட வேண்டுமாம். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் பண்ணையில் 1843-இல் தொடங்கிய கோதுமை வயலை வாத்தியார் எடுத்துவிட்டார். அங்கே ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 35 டன் தொழுவுரம் வாங்கும் பாத்தியில், உழுதுகொண்டே இருந்தும், எரு காணாத பாத்தியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் கரிமம். ஆக, மண்ணுக்குள் என்ன போகிறது என்பதுதான் பெரிய கேள்வி. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

நீ ரொம்பவும் சந்தோஷப்படாதே. இரண்டு பாதியிலிருந்தும் காய்ந்த கட்டி ஒவ்வொன்று எடுத்துத் தண்ணீரில் போட்டேன். உழுத கட்டி கொஞ்ச நேரத்தில் கரைந்து சேறாகிவிட்டது. உழாத கட்டி அப்படியே உட்கார்ந்திருந்தது. மழை அடித்தால் எது மேலே பொருக்குக் கட்டும், எது நீரைக் குடிக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உழாத கட்டி, வேரும் பூஞ்சை இழையும் கட்டிப்போட்ட சின்னச் சின்ன உருண்டைகளால் ஆனது. மட்கு, அதாவது மக்கிப்போன தழையும் வேரும், அதற்குள் ஒளிந்திருக்கும் வரை நுண்ணுயிர்கள் அதை எளிதில் தொட முடியாது.

முருகேசா, விளையாட்டில்லாமல் சொல்கிறேன். ரோட்டவேட்டரை ஒரே நிலத்தில் மூன்று நடை ஓட்டுகிறாயே, அதை மட்டும் விடு. மாவாக இடித்தால் அந்த உருண்டைகள் உடைந்து, காற்று புகுந்து, நுண்ணுயிர் மட்கைத் தின்று கரியமில வாயுவாக விட்டுவிடும். அப்போது வெளியாகும் தழைச்சத்தில் பயிர் பச்சை கட்டும், நீயும் உழவின் மகிமை என்பாய். அது உண்டியலை உடைத்துச் செலவழித்த பச்சை. 'அகல உழுவதை விட ஆழ உழு' என்று எனக்குப் பதில் எழுதாதே, அதற்கும் வாத்தியாரிடம் விடை இருக்கிறது.

என் பக்கக் குறையையும் எழுதிவிடுகிறேன்: உழாத பாதியில் களை என்னை அழ வைக்கிறது. களைக்கொல்லி அடிக்க மனசு வரவில்லை. மூடாக்கை இன்னும் கனமாகப் போட்டுப் பார்க்கிறேன்.

அடுத்த தடவை வரும்போது வரப்போரத்துக் கட்டி ஒன்று, நடுவயல் கட்டி ஒன்று கொண்டு வா. எது எது என்று என்னிடம் சொல்லாதே.

உன்,
சீனு