தழலில் சுட்ட அடை

தேவகோட்டை
ஞாயிறு இரவு

என் அன்பு ஆச்சிக்கு,

டீச்சர் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் அதட்டினேன் என்று நீ வைத்த பேர், கடைசியில் அதுவே பிழைப்பாகிப் போச்சு. உன்னை ஆச்சி என்று கூப்பிட மட்டும் எந்தக் காரணமும் வேண்டியிருக்கவில்லை, செட்டியார் வீட்டில் பிறக்கும்போதே நீ ஆச்சிதான்.

முதலில் உங்கள் வீட்டு விஷயம். இந்தக் கார்த்திகை மழையில் இரண்டாம் கட்டில் வடமேற்கு மூலை ஒழுகுகிறது. நாட்டு ஓடு நாலைந்து நழுவியிருக்கிறது, குரங்கு வேலையாகத்தான் இருக்கும். தூண் வைத்த வளவுக் கூடத்தில் ஒரு சொட்டு இறங்கவில்லை. தூண்களுக்கு ஒன்றுமில்லை. முகப்பில் வௌவால் நாற்றம் பழையபடிதான். ஆளைக் கூப்பிட்டு ஓடு மாற்றுவதற்கு உன் பங்காளிகளிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல். நானாகச் செய்தால் அடுத்த பொங்கலுக்கு அது ஒரு பஞ்சாயத்தாகும்.

போன வாரம் போனில், "எப்படிடீ இதையெல்லாம் சமாளிக்கிறே?" என்று கேட்டாய். "ஆண்டவர் பார்த்துக்குவார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பொய் சொல்லவில்லை, ஆனால் பாதிதான் சொன்னேன். மீதியை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் என்றால் அழுதுவிடுவேன்.

ஐப்பசியில் இவர் வண்டியிலிருந்து விழுந்தது உனக்குத் தெரியும். இடுப்பெலும்பு. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது ஒரு தொகை சொன்னார்கள், வீட்டுக்கு அனுப்பும்போது வேறொரு தொகை. வளையல் நாலும் அடகுக்கடையில். மகளுக்கு ஹாஸ்டல் பணம் கட்டவில்லை. இதற்கு நடுவில் அம்மா. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, "பஸ் போயிரும், வீட்டுக்குப் போகணும்" என்று சேலையை எடுத்து வைப்பார்கள். இதுதான் வீடு என்றால் நம்பமாட்டார்கள். என்னைப் பார்த்து, "நீங்க யார் வீட்டுப் பிள்ளை?" என்று மரியாதையாக வேறு கேட்பார்கள்.

செபிக்கவில்லையா என்பாய். செபித்தேன். பதிலில்லாத மொட்டைக் கடுதாசி போட்டது போல இருந்தது. செபக்கூட்டத்துக்கு வருகிற ஒரு அக்கா, "விசுவாசம் குறைஞ்சாத்தான் இப்படி அடுக்கடுக்கா வரும்" என்றார். காபி கொடுத்து அனுப்பினேன். ஆச்சி, எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட அதைச் சொல்லவில்லை, மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்ல வேண்டிவரும்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை. முந்தின நாள் நல்ல மழை. உன் வீட்டைப் பார்க்கச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். ஒழுகின தண்ணீரைத் துடைத்துவிட்டு வளவில் சும்மா உட்கார்ந்தேன். நாம் பல்லாங்குழி ஆடுவோமே, அந்தத் தூணடி. ஆத்தங்குடிக் கல்லில் ஒரு மூலை உடைந்திருக்கும், உன் தம்பி அம்மிக்குழவியைப் போட்டது. தரை என்ன குளிர்ச்சி! கன்னத்தை வைத்துப் படுத்தேன். செபமாலை கைப்பையில் இருந்தது, எடுக்கவில்லை. "முடியலப்பா" என்று மட்டும் சொன்னேன். அழக்கூட இல்லை, தூங்கிவிட்டேன்.

இரண்டு மணி நேரம்! காவல்காரர் மனைவி வந்து எழுப்பினார். கையில் ஒரு தூக்கு. சுடுசோறும் ரசமும், மூடியில் இரண்டு வறுத்த மோர்மிளகாய். ஏன் இங்கே படுத்திருக்கிறாய் என்று ஒரு கேள்வி கிடையாது. "சாப்பிடுங்க டீச்சர், வீட்டுக்குப் போனா எம்புட்டு வேலை கிடக்கோ" என்றார். சாப்பிட்டேன். வெட்கம் இல்லாமல் முழுத் தூக்கையும்.

அன்று ராத்திரி அம்மா பக்கத்தில் படுத்திருக்கும்போதுதான் எலியா ஞாபகம் வந்தார். எங்கள் வேதாகமத்தில் எலியா பெரிய ஆள். வானத்திலிருந்து நெருப்பை இறக்கியவர். அவரே ஒரு ராணிக்குப் பயந்து பாலைவனத்துக்குள் ஒருநாள் தூரம் ஓடி, ஒரு சூரைச்செடிக்குக் கீழே உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். சொல்லிவிட்டுத் தூங்கிப்போகிறார். தூதர் ஒருவர் வந்து தட்டி எழுப்புகிறார். பிரசங்கம் எதுவும் இல்லை, விசுவாசக் குறைச்சல் என்று ஏச்சும் இல்லை. "எழுந்து சாப்பிடு", அவ்வளவுதான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அடை என்றே இருக்கிறது. எனக்குப் பிடித்தது அடுத்த வரி. மனுஷன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்கிறார்! தூதர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுபடியும் வந்து எழுப்பி, நீ போகவேண்டிய தூரம் அதிகம், சாப்பிடு என்கிறார். கடவுள் பேசுகிற கட்டம் அதற்குப் பிறகுதான், நாற்பது நாள் நடந்து மலைக்குப் போன பிறகு.

இத்தனை வருஷம் ஞாயிறு மறைக்கல்வியில் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். நெருப்பையும் மலையையும் கை ஆட்டி ஆட்டிச் சொல்லுவேன். அடையை ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போயிருக்கிறேன்.

நான் செபித்ததெல்லாம் பெரிய பெரிய விஷயத்துக்கு. இவர் எழுந்து நடக்கணும், அம்மாவுக்கு ஞாபகம் வரணும், கடன் அடையணும். ஒரு தூக்கு ரசம்சோறு வந்தால் அதைப் பதில் என்று கணக்கில் எழுத எனக்குத் தெரியவில்லை. "சுமை சுமந்து சோர்ந்திருப்பவர்களே, என்னிடம் வாருங்கள்" என்று இயேசு கூப்பிட்டது இளைப்பாறத்தானே. சுமையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபடியே அழச் சொல்லவில்லையே. நான் நின்றுகொண்டே இருந்திருக்கிறேன்.

இப்போது கடன் அப்படியேதான் இருக்கிறது. இவர் வாக்கர் வைத்து வாசல்வரை வருகிறார். எங்கள் அன்பியத்தில், அதாவது பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடுகிற குழுவில், வாய்விட்டு உதவி கேட்டேன், அதுவே எனக்குப் பெரிய காரியம். இரண்டு பேர் முறை வைத்துச் சாயங்காலம் அம்மாவோடு உட்காருகிறார்கள். நான் ஒன்பதரைக்குப் படுத்துவிடுகிறேன். செபமாலையில் ஐம்பத்து மூன்று மணியும் உருட்ட முடியாவிட்டால் பத்து மணி மட்டும். பத்தும் முடியாவிட்டால் "முடியலப்பா". போன மாதம் அடைத்த நெஞ்சு இப்போது அடைக்கவில்லை, இவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

அம்மா கதை ஒன்று. நான் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று ஆரம்பித்தால் பேசாமல் இருப்பார்கள். ஒருநாள் அப்பத்தா சொல்கிற பழைய செபம் வாயில் வந்தது. "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்றேன். அம்மா கண்ணை மூடினார்கள். "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று பிசகில்லாமல் முடித்தார்கள். பேரக்குழந்தை பேர் போச்சு, என் பேர் போச்சு, அது மட்டும் எங்கேயோ ஆழத்தில் கிடக்கிறது. இப்போது ராத்திரி எழுந்தால் நான் வீட்டைப் பற்றி வாதாடுவதில்லை, "பிரியதத்தத்தினாலே" என்று தொடங்கிவிடுகிறேன். பல நாள் சேலையை வைத்துவிட்டுப் படுக்கிறார்கள். சில நாள் இல்லை.

போன புதன்கிழமை ஓரியூர் போய்வந்தேன். திருவாடானையில் இறங்கி வேறு பஸ். வழியெல்லாம் கண்மாய் ததும்பிக் கிடக்கிறது, நீ பார்த்து எத்தனை வருஷம் இருக்கும்! அங்கே இருப்பது எங்கள் புனிதர் அருளானந்தர் கோயில். ஜான் டி பிரிட்டோ என்கிற அந்தப் போர்த்துக்கீசியச் சாமியார் லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்தவர். 1686-இல் இந்த மறவர் சீமையில் பிடிபட்டு வதைபட்டு விடுதலையானார். ஐரோப்பாவுக்குப் போனவர் அங்கேயே இருந்திருக்கலாம். திரும்பி இந்த வெயிலுக்கே வந்து, 1693 பிப்ரவரி 4-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். அதுவும் ஒரு புதன்கிழமை. அந்தத் தைரியமெல்லாம் எனக்குப் புரிகிற அளவு இல்லை ஆச்சி, எனக்கு எலியாவின் சோர்வுதான் புரிகிறது. ஆனாலும் அந்தச் செம்மண்ணில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது நன்றாக இருந்தது. உனக்கும் ஒரு பொட்டலம் மண் வைத்திருக்கிறேன். பிள்ளையார்பட்டித் திருநீற்றுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள், இரண்டும் சண்டை போடாது.

நீயும் மருமகள் விஷயத்தில் தூங்குவதில்லை என்றாய். அதற்கு என்னிடம் யோசனை கிடையாது. ஒரு வாரம் கிளம்பி வா. வளவைக் கழுவி வைக்கிறேன், தூணடியில் படுக்கலாம்.

ஓட்டு விஷயத்தை மறந்துவிடாதே, அடுத்த மழைக்குள் சொல். அந்தத் தூக்கு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வெறுந்தூக்காகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது இல்லையா, நாளைக்கு அடைக்கு அரிசியும் பருப்பும் ஊறப் போட்டிருக்கிறேன்.

உன்
டீச்சர்