தடைக்காலத்தில் கட்டணம் கேட்காதீர்கள்: உயர்கல்வித் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில்தான் நிற்க வேண்டும் என்பது அரசின் ஆணை. பிளஸ் டூ முடிவு மே மாதத்தில் வருவதும் தாங்கள் அறிந்ததே. முடிவு வந்த கையோடு தனியார் கல்லூரிகள் பணம் கேட்கின்றன. அரசு கலைக் கல்லூரிக் கலந்தாய்வு சூடுபிடிக்கவே ஜூன் ஆகிவிடுகிறது.

பாம்பனில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி பி.காம். சேர அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தாள். அவளுடைய அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர், அதாவது பிடித்த மீனின் வருமானத்தில் ஒரு பங்குதான் அவருக்குக் கூலி. "இந்த வாரம் முன்பணம் கட்டாவிட்டால் இடம் இல்லை" என்றது ஒரு தனியார் கல்லூரி. அரசில் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று பயந்து, தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயோடு வட்டிக்கு வாங்கிய இரண்டாயிரத்தையும் சேர்த்துக் கட்டினார். ஜூனில் அரசுக் கல்லூரியிலேயே இடம் கிடைத்தது. முன்பணம் திரும்பவில்லை. மாற்றுச் சான்றிதழை வாங்கவே பல நாள் நடையாய் நடந்தார்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-லேயே சொல்லிவிட்டது. அதை அலுவலக மேசையில் எடுத்துச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

மீனவன் பட்டினி கிடக்கக் கூடாது என்று அரசு கொடுத்த பணம், அவன் வீட்டு அடுப்பைக்கூடப் பார்க்காமல் ஒரு கல்லூரியின் கல்லாவுக்குப் போய்விட்டது. நிவாரணத்தை நேராகக் கல்லூரி நிர்வாகங்களுக்கே அனுப்பிவிட்டால் எங்களுக்குப் பஸ் செலவாவது மிஞ்சும்.

கேட்க இன்னும் நிறைய இருக்கிறது. கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் எங்கள் பக்கத்து ஊரான மண்டபத்தில் இருக்கிறது. ஆனால் மீன்வளப் பட்டம் படிக்க எங்கள் பிள்ளைகள் தூத்துக்குடிக்கோ நாகப்பட்டினம் பக்கமோ போக வேண்டும். மீன் மட்டும் எங்களுடையது, படிப்பு வேறு ஊருக்கா? சரி, அது இன்னொரு மடலுக்கான சங்கதி.

இப்போது கேட்பது ஒன்றுதான். தடைக்காலம் முடியும்வரை, அரசுக் கல்லூரிகளின் முதல் சுற்றுக் கலந்தாய்வு முடியும்வரை, கடலோர மாவட்டங்களில் எந்தத் தனியார் கல்லூரியும் முன்பணத்துக்குக் கெடு வைக்கக் கூடாது. படகு கடலுக்குப் போய்ப் பங்குப் பணம் கைக்கு வர ஜூன் கடைசி ஆகிவிடும். அதுவரை பொறுக்கச் சொல்லி அடுத்த சேர்க்கைக்கு முன்பே ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அதன் நகலைக் கல்லூரி வாசலில் ஒட்டவும் உத்தரவிடுங்கள், ஐயா. பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பாம்பன் வாசி ஒருவர்